மூன்றாவது கோலும் இரண்டு அடுப்பும்

லெயோனியை அடக்கம் செய்த அன்று பாதிரியார் அவளைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார். உழைப்பாளி, பெற்ற பிள்ளை இல்லாவிட்டாலும் ஊரான் பிள்ளைகளுக்கு வயிறாரப் போட்டவள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கு வந்தவள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் பொறாமைக்காரி என்பதை மட்டும் விட்டுவிட்டார். அதை விட்டுவிட்டு லெயோனியைப் பற்றிப் பேசுவதும் ஒன்றுதான், உப்பில்லாமல் சூப் வைப்பதும் ஒன்றுதான். ரொக்வாலில் பெண்களுக்கு முடி வெட்டிச் சுருட்டிவிடும் கடை என்னுடையது. எர்மின் என்றால் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருஷம் லெயோனியின் தலை என் கையில்தான் இருந்தது. அந்தத் தலைக்குள் என்ன கொதித்தது என்று பாதிரியாரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊரில் என்ன இருக்கிறது? மியூஸ் ஆறு, அதன் கரையில் இரும்பு வார்ப்பாலை, வார்ப்பாலையின் புகை. அப்போது இன்னொன்றும் இருந்தது. எங்கள் கால்பந்து கிளப் முதல் டிவிஷனில் ஆடியது. இன்றைக்குச் சொன்னால் வெளியூர்ப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பெரிய பெரிய நகரத்துக் கிளப்புகளெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் சேற்றில் வழுக்கி விழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு போன காலம் அது.

கிளப்பில் கல்யாணமாகாத வெளியூர் ஆட்டக்காரர்களை ஊரில் யாராவது ஒரு வீட்டில் தங்க வைப்பார்கள். அந்த வீடு வருஷக்கணக்காக லெயோனியின் வீடாகத்தான் இருந்தது. புருஷன் ஃபெர்னான் வார்ப்பாலையில் மூச்சுக்குழல் கெட்டுச் சீக்கிரமே போய்விட்டான். மாடியறை காலியாகக் கிடந்தது. அவள் கை சமையலோ, அதை என்ன சொல்ல! எங்கள் பக்கத்தில் ககாஸ் என்று ஒன்று செய்வோம். கனமான இரும்புச் சட்டியில் பன்றிக் கொழுப்பை உருக்கி, வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, உருளைக்கிழங்கைப் போட்டு மூடி, அப்படியே அடியில் பிடிக்கப் பிடிக்க வேகவிடுவது. எல்லா வீட்டிலும் செய்வார்கள். ஆனால் லெயோனி அந்தச் சட்டியின் மூடியைத் திறந்தால் தெருமுனையில் என் கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு எச்சில் ஊறும்.

அவள் வீட்டில் தங்கிய பையன்களெல்லாம் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சமையலறைச் சுவர் முழுக்க அவர்களுடைய படம். அந்தச் சுவர்தான் அவளுக்குச் சொத்து.

அவளுக்கு ஓரகத்தி ஒருத்தி உண்டு. ஒதெத். ஃபெர்னானின் தம்பி அஷிலின் பெண்டாட்டி. அஷில் வார்ப்பாலை ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்த்தவன், அதனால் வீடும் கொஞ்சம் நாகரிகம். எதிர் எதிர் வீடு. மாமியார் செத்தபோது அந்தக் கிழவியின் காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷின் யாருக்கு என்று இரண்டு பேரும் போட்ட சண்டை சவப்பெட்டிக்குள் இருந்தவளுக்கே கேட்டிருக்கும். அதிலிருந்து இருவரும் நேராகப் பேசிக்கொள்வது குறைவு. மைதானத்தில் மர கேலரியில் எங்கள் மூவருக்கும் வரிசையாக சீசன் சீட். இடது பக்கம் லெயோனி, வலது பக்கம் ஒதெத், நடுவில் சுவர் மாதிரி நான்.

எழுபத்து மூன்றாம் வருஷக் கோடையில் கிளப்புக்குப் புதுத் தலைவர் வந்தார். அவர் வந்த கையோடு டோகோவிலிருந்து ஒரு முன்வரிசை ஆட்டக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பார்னபே அமூசூ என்று பெயர். இருபத்திரண்டு வயது இருக்கும். நெட்டையான பையன், சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பு. ஆகஸ்டு வெயிலிலேயே கோட்டு போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினான். லெயோனி மாடியறைக்கு வெள்ளையடித்து, மெத்தையை வெயிலில் போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த தலைவர் எதிர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

காரணம் கேட்டால் என்ன சொன்னார் தெரியுமா? ஒதெத் வீட்டில் எல்லா அறையிலும் சூடேற்றும் குழாய் இருக்கிறது, குளியலறையில் வெந்நீர் வருகிறது, லெயோனி வீட்டில் கக்கூஸ் முற்றத்தில் இருக்கிறது, சூடான நாட்டுப் பையன் குளிரில் செத்துப்போவான் என்றார்.

அன்று சாயங்காலம் லெயோனி என் கடைக்கு வந்தாள். முடி வெட்ட ஒன்றுமே இல்லை.

"கக்கூஸா? கக்கூஸைப் பாத்துட்டா ஒருத்தன் கோல் அடிக்கிறான்? இத்தனை வருஷம் என் வீட்ல இருந்த பசங்க யாரும் முற்றத்துக்குப் போகலியா? குளிருதுன்னா இன்னொரு போர்வை குடுத்தா ஆச்சு!"

"விடுக்கா, உனக்கும் ஒருத்தனை அனுப்புறாங்கல்ல?" என்றேன்.

அனுப்பினார்கள். வெண்ட்லிங் என்று அல்சாஸிலிருந்து ஒரு மாற்று கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்குக் காலோ கையோ உடைந்தால்தான் இவனுக்கு ஆட்டம். அவனுக்கு ஒன்றும் உடையவில்லை. வெண்ட்லிங் வருஷம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்தான், லெயோனி வீட்டில் சாப்பிட்டான், குறட்டை விட்டான், பெருத்தான். நல்ல பையன்தான். ஆனால் அவனைக் காட்டி மார்க்கெட்டில் நிமிர்ந்து நடக்க முடியுமா?

பார்னபே முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தான். அடுத்ததிலும் அடித்தான். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. வார்ப்பாலை ஆட்கள் குடித்துவிட்டு அவன் பெயரைச் சொல்லி ஆற்றில் குதித்தார்கள். அது போகட்டும். ஒதெத்தைப் பார்க்க வேண்டுமே! கறிக்கடைக்காரர் அவளைக் கண்டதும் நல்ல துண்டாக எடுத்து, "இது நம்ம பார்னபேக்கு" என்று கட்டிக் கொடுத்தார். ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவளும் மகாராணி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே முன்னால் போனாள். அந்த மரியாதையெல்லாம் போன வருஷம்வரை லெயோனிக்குக் கிடைத்தது. அதே வரிசையில், ஒதெத்துக்கு வழிவிட்டவர்களில் ஒருத்தியாக, வெண்ட்லிங்குக்கு நாலு ரொட்டி வாங்க அவள் நின்றுகொண்டிருந்தாள்.

இன்னொன்று அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பார்னபே ஒதெத்தை அம்மா என்றான். எதிர்வீட்டில் இருப்பவள் அவளுடைய ஓரகத்தி, மூத்தவள் என்று தெரிந்ததும், அவனுக்குத் தெரிந்த மரியாதைப்படி லெயோனியைப் பெரியம்மா என்றான். தெருவில் பார்த்தால் தொப்பியைக் கழற்றி, "வணக்கம் பெரியம்மா" என்பான்.

"பெரியம்மாவாம்!" என்று என் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்தாள். "அவ அம்மா, நான் பெரியம்மா. அவளுக்கு முட்டையே ஒழுங்கா வேக வைக்கத் தெரியாது. கோச் சொன்னாருன்னு வெறும் கறியைச் சுட்டு, பக்கத்துல நாலு நூடுல்ஸை வெச்சுத் தள்ளுறா. அதைத் தின்னுட்டு எப்படித்தான் ஓடுறானோ!"

"ஓடுறானே! அடிக்கவும் அடிக்கிறானே!"

"நீ சும்மா இரு எர்மின். நீ யார் பக்கம்?"

நான் யார் பக்கமும் இல்லை. நடுவில் உட்காருகிறவளுக்குப் பக்கம் ஏது?

டிசம்பரில் பனி கொட்டியது. மைதானம் கல்லாக உறைந்து கிடந்தது. பார்னபே பந்தைவிடத் தன் கைகளைத்தான் அதிகமாகப் பார்த்துக்கொண்டு ஓடினான். விரல் விறைத்துப்போகிறது என்று அவன் புலம்பியதைக் கேட்டு, லெயோனி ஒரு வாரம் உட்கார்ந்து சிவப்புக் கம்பளி நூலில் கையுறை பின்னினாள். நானே பார்த்தேன். வெண்ட்லிங் மூலம் கொடுத்தனுப்பினாள். அடுத்த ஆட்டத்தில் சிவப்புக் கையுறையோடு பார்னபே இரண்டு கோல் அடித்து, கைகளை உயர்த்திக்கொண்டு கேலரிப் பக்கம் ஓடி வந்தான். என் இடது தோளில் லெயோனி அடித்த அடி இன்னும் வலிக்கிறது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. கையை உயர்த்திய பார்னபே, கீழே ஒரு வரி: கையுறை பின்னிக் கொடுத்தவர் மதாம் வத்லே. அவ்வளவுதான் போட்டிருந்தார்கள். வத்லே என்பது குடும்பப் பெயர், அண்ணன் பெண்டாட்டியும் மதாம் வத்லே, தம்பி பெண்டாட்டியும் மதாம் வத்லே. ஊர் யாரை நினைக்கும்? அவன் தங்கியிருக்கிற வீட்டுக்காரியைத்தானே! மார்க்கெட்டில் எல்லோரும் ஒதெத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "என்ன நேர்த்தி, என்ன நேர்த்தி" என்றார்கள். ஒதெத் என்ன செய்திருக்க வேண்டும்? நான் இல்லை, எங்கள் அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னாளா? "ஏதோ என்னால முடிஞ்சது" என்றாள். நானே என் காதால் கேட்டேன். அடிப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். இரண்டடி தள்ளி முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்த லெயோனி கோஸை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பொறாமை பொறாமையாக இல்லை, வெறியாகிவிட்டது. ஒதெத் வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தால் ஜன்னலுக்கு வந்துவிடுவாள். பார்னபே இளைத்திருக்கிறானா என்று அவன் பேன்ட் தொளதொளப்பதை வைத்துக் கணக்குப் போடுவாள். அவன் ஒரு ஆட்டத்தில் கோல் அடிக்கவில்லை என்றால் வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அவள் முகம் படும் பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பாவமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும்.

பனி உருகியதும் எங்கள் அதிர்ஷ்டமும் உருகிவிட்டது. தோற்றோம், மறுபடி தோற்றோம். பார்னபேக்குப் பந்து காலில் நிற்கவில்லை. பட்டியலில் வழுக்கிக்கொண்டே போய்க் கடைசி மூன்று இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். கடைசி மூன்று அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். இறங்கினால் பார்னபேயைப் பெரிய கிளப்புக்கு விற்றுவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒதெத் வீட்டு அறை காலியாகும். லெயோனிக்கு அதில் சந்தோஷமா என்று ஒருநாள் கேட்டேன்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள். "அவன் எதிர்ல இருந்தா, என்னைக்காவது ஒருநாள் இந்தப் பக்கம் வருவான்னு இருக்கு. போயிட்டா?"

அவள் சொன்னபடியே அவன் வந்தான். ஏப்ரலில் ஒரு ஞாயிறு மத்தியானம், வெண்ட்லிங்கிடம் வாங்கிய இசைத்தட்டைத் திருப்பிக் கொடுக்க முற்றத்து வழியாக உள்ளே நுழைந்தான். அடுப்பில் ககாஸ் இருந்தது. லெயோனி மூடியைத் திறந்தாள். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா?

"பெரியம்மா, கோச் பாத்தா என்னைக் கொன்னுடுவார்" என்றானாம், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே. ஒரு தட்டு சாப்பிட்டான். ரொட்டியால் தட்டை வழித்தான். "எங்கம்மாவும் இப்படித்தான். தட்டுல மிச்சம் வெச்சா மூணு நாள் என்கூடப் பேச மாட்டா" என்று சொல்லிச் சிரித்தான். அன்று மாலை இரண்டு மாதத்துக்குப் பிறகு கோல் அடித்தான்.

கால்பந்து ஆட்டக்காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. எங்கள் கேப்டன் ஆட்டத்தன்று சவரம் செய்ய மாட்டான். இன்னொருவன் இடது காலைத்தான் முதலில் மைதானத்தில் வைப்பான். பார்னபேக்கு லெயோனியின் தட்டு அப்படி ஆகிவிட்டது. சொந்த ஊரில் ஆட்டம் என்றால் ஒதெத் வீட்டில் பதினோரு மணிக்கு கோச் சொன்ன சுட்ட கறி, பன்னிரண்டு மணிக்குப் பின்வாசல் வழியாக லெயோனி வீட்டில் ஒரு தட்டு ககாஸ். அவன் மறுபடி அடிக்க ஆரம்பித்தான். லெயோனி என் கடைக்கு வந்து, முடி காய வைக்கும் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னாள்.

"அவ அடுப்புல தின்னா அடிக்க முடியல, என் அடுப்புல தின்னா அடிக்கிறான். நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல எர்மின். எனக்குத் தெரிஞ்சா போதும்."

மே மாதத்தில் கடைசி ஆட்டம் வந்தது. அந்த வருஷங்களில் ஒரு விதி இருந்தது. ஜெயித்தால் இரண்டு புள்ளி, அதோடு அந்த ஆட்டத்தில் மூன்று கோல் அடித்துவிட்டால் இன்னொரு புள்ளி கூடுதல். எங்களுக்கு மூன்று புள்ளி வேண்டும். அதாவது ஜெயித்தால் மட்டும் போதாது, மூன்று கோல் அடித்து ஜெயிக்க வேண்டும். இரண்டு கோலோடு நின்றால் கீழே போக வேண்டியதுதான். சின்னக் குழந்தைக்குக்கூட அந்தக் கணக்கு தெரியும். காலையிலிருந்தே ஊரில் யாரும் வேறெதுவும் பேசவில்லை.

மத்தியானம் நல்ல வெயில். கேலரியில் ஊசி போட இடமில்லை. நான் நடுவில், அவர்கள் இரு பக்கமும். இருவர் முகத்திலும் ஏதோ ஒரு திருப்தி, இருவருக்கும் வாயெல்லாம் பல். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பார்னபே தலையால் முட்டி ஒன்று போட்டான். இடைவேளைக்குச் சற்று முன் கோல்கீப்பரின் காலுக்கு நடுவில் தட்டி இன்னொன்று. இரண்டு சுழியம். கேலரி ஆடிய ஆட்டத்தில் பலகை உடையாதது ஆச்சரியம். இன்னும் ஒன்றே ஒன்று. அதற்கு முழுப் பாதி ஆட்டம் பாக்கி.

இடைவேளையில் பின்வரிசைக்காரர்கள் ஒதெத்தின் தோளைத் தட்டிப் பாராட்டினார்கள். அவளுக்குத் தாங்கவில்லை. திரும்பி உட்கார்ந்து சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இன்னிக்கி கோச் சொன்னதெல்லாம் தூக்கி ஓரமா வெச்சுட்டேன். கடைசி ஆட்டமாச்சே! முயல் கறி, க்ரீம் ஊத்தி. அப்புறம் என் கையால சர்க்கரை தூவின கலெத் ரொட்டி. சூடா, வெண்ணெய் சொட்டச் சொட்ட. நாலு துண்டு தின்னான், ராசா! அதான் இப்படி ஆடுறான்."

என் இடது பக்கம் லெயோனி வாயைத் திறக்கப் போனாள். சொல்லிவிடாதே என்று அவள் முழங்காலை அழுத்தினேன். யார் கேட்டார்கள்?

"கலெத்தாம் கலெத்!" என்று எழுந்து நின்றாள். "அவன் ஆடுறது உன் கலெத்தாலன்னா நெனச்சே? ஒரு மாசமா அவன் கோல் அடிக்கிறதே என் ககாஸைத் தின்னுட்டுத்தான்டி! பின்வாசல் வழியா வந்து தின்னுட்டுப் போறான். உனக்குத் தெரியுமா?"

ஒதெத்தும் எழுந்தாள். நான் இருவருக்கும் நடுவில் இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

"தெரியாம என்ன? ஸ்வெட்டர்ல வெங்காய நாத்தம் அடிக்குதே, எனக்கு மூக்கு இல்லியா? அதனாலதான்க்கா இன்னிக்கி வயிறு முட்டப் போட்டேன். வேற எங்கயும் போய்த் தின்ன எடம் இருக்கக் கூடாதுன்னு போட்டேன். இன்னிக்கி எங்க வந்தான் உன் வீட்டுக்கு?"

"வந்தானே! பன்னெண்டு மணிக்கு வந்தானே! மூணு கோல் வேணுமேன்னு மூணு தட்டு போட்டேன். மூணையும் வழிச்சுத் தின்னானே!"

நான் ஒருத்தியைப் பார்த்தேன், இன்னொருத்தியைப் பார்த்தேன். முயல் கறி. க்ரீம். நாலு துண்டு கலெத். அதற்கு மேல் மூன்று தட்டு ககாஸ். மூன்று மணிக்கு ஆட்டம். இந்த வெயிலில்.

"ஐயோ ஆண்டவரே" என்றாள் லெயோனி, மெதுவாக.

"வேணாம்னு சொல்லலியா அவன்?" என்றாள் ஒதெத்.

"உங்கிட்ட சொன்னானா?"

ஒதெத் இல்லை என்று தலையாட்டினாள். தட்டில் மிச்சம் வைக்கத் தெரியாத பிள்ளை அவன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் பியர் வாங்கவும் சாசேஜ் வாங்கவும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் பாதி தொடங்கியது. அணிகள் வெளியே வந்தபோது பார்னபே கடைசியாக வந்தான். ஓடி வரவில்லை, நடந்து வந்தான். முதல் பந்து அவனைத் தாண்டிப் போயிற்று. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான். ஊர் முழுக்க "மூணாவது! மூணாவது!" என்று தொண்டை கிழியக் கத்தியது. என் இடது கையை லெயோனி பிடித்திருந்தாள், வலது கையை ஒதெத். இருவர் நகமும் என் தோலுக்குள் போயிற்று. விடுங்கடி என்றாலும் கேட்கவில்லை.

கோச்சுக்கு அவனை வெளியே எடுக்க மனசு வரவில்லை. இரண்டு கோலும் அவன் அடித்தது, எப்படி எடுப்பார்? பெஞ்சில் வெண்ட்லிங் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நேரம் ஓடியது. எங்கள் ஆட்கள் மோதிப் பார்த்தார்கள், கம்பத்தில் ஒன்று பட்டுத் திரும்பியது. லெயோனி ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். அதுவரை அவளோடு சேர்ந்து ஒரு வார்த்தையும் சொல்லியிராத ஒதெத்தும் கூடவே சொன்னாள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். வலது ஓரத்திலிருந்து பந்து வந்தது. எதிரணி கோல்கீப்பர் பாய்ந்தான், தவறவிட்டான், தரையில் கிடந்தான். பந்து வெற்று கோலுக்கு முன்னால் மெதுவாக உருண்டுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பார்னபே மட்டும். யாரும் இல்லை. காலை நீட்டினால் போதும். கேலரி முழுக்க எழுந்து நின்றது.

பார்னபே இரண்டடி ஓடினான். அப்புறம் நின்றான். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தான். அப்படியே குனிந்தபடி, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், தின்ற எல்லாவற்றையும் வாந்தியாக வெளியே தள்ளினான். பந்து அவன் பக்கமாக உருண்டு, கம்பத்துக்கு வெளிப்புறமாகக் கோட்டைத் தாண்டிப் போயிற்று. விசில் ஊதிவிட்டார்கள்.

ஜெயித்துவிட்டோம். இரண்டு சுழியம். அதனால் கீழே இறங்கினோம்.

வார்ப்பாலை ஆட்கள் தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்கள். என் கையை அவர்கள் இருவரும் அப்போதும் விடவில்லை.

ஊர் யார் யாரையோ திட்டியது. வெயில் என்றது, நடுவரைச் சொன்னது, புதுத் தலைவரைச் சொன்னது. கோச் பார்னபேயிடம் என்ன தின்றாய் என்று கேட்டாராம். "எப்பவும் தின்னறதுதான், வெயில் ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டான். நாலு பேர் நாலு விதமாகக் கேட்டும் இரண்டு பேர் பெயரையும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைத்தான் நாம் இப்படிப் பண்ணிவிட்டோம் என்று ஒதெத் என்னிடம் அழுதாள். நாமா, இதில் நான் எங்கே வந்தேன் என்று கேட்காமல் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூனில் தெற்கே கடற்கரைக் கிளப் ஒன்றுக்கு அவனை விற்றார்கள். ஸ்டேஷனில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நின்றார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவன் இரண்டையும் வாங்கிக்கொண்டான்.

"ரயில்ல ரொம்ப நேரம் உக்காரணும், ரெண்டையும் காலி பண்ணிடுவேன்" என்றான். பிறகு குனிந்து இருவரையும் ஒரே கையில் சேர்த்து அணைத்தான். "வர்றேன்மா" என்றான். யாரைப் பார்த்துச் சொன்னான் என்று லெயோனி சாகும்வரை இரண்டு பேரும் தகராறு செய்தார்கள்.

கிளப் அப்புறம் முதல் டிவிஷனுக்குத் திரும்பவே இல்லை. லெயோனி வீட்டுக்கும் யாரும் தங்க வரவில்லை. சுவரில் கடைசிப் படம் சிவப்புக் கையுறை போட்ட பார்னபே. பத்திரிகையிலிருந்து வெட்டியது. கீழே இருந்த வரியை மட்டும் கத்தரித்து எறிந்துவிட்டாள்.

ஓரகத்திகள் பேச ஆரம்பித்தது அந்த ஆட்டத்துக்கு அப்புறம்தான். ஊரில் யாரிடமும் பேச முடியாததை வேறு யாரிடம் பேசுவார்கள்? ஆனால் என்ன பேசினார்கள்! வியாழக்கிழமை வியாழக்கிழமை என் கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவனைக் கவிழ்த்தது யார் சாப்பாடு என்று சண்டை. பழியை அடுத்தவள் மேல் போடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை.

"உன் கலெத் என்ன பண்ணும்? காத்து மாதிரி இருக்கும். குருவிகூடத் தின்னுட்டுப் பறந்துடும். என் ககாஸ்தான் அவனை உக்கார வெச்சது."

"போக்கா! அவன் முதல்ல நெறஞ்சதே என் வீட்ல. உன் தட்டெல்லாம் மேலால போனது. கவுத்தது என் க்ரீம்தான்."

கிளப்பை மூழ்கடித்த பாவத்தில்கூட ஒருத்திக்கு ஒருத்தி பங்கு விட்டுக்கொடுக்கவில்லை. யார் சமையலை அவன் அதிகம் தின்றான் என்பதுதானே விஷயம்! நான் கத்தரிக்கோலை மேசையில் டொக்கென்று வைத்து, வாயை மூடுங்கடி, வாசலில் ஆள் நிற்கிறது என்பேன். அடுத்த வியாழக்கிழமை மறுபடி ஆரம்பிப்பார்கள். வருஷக்கணக்காக இதே கதை.

போன குளிர்காலத்தில் லெயோனி படுக்கையில் விழுந்தாள். கட்டிலைச் சமையலறைக்கே கொண்டுவந்து அடுப்புப் பக்கம் போட்டோம். தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. இறங்கவில்லையோ, இறக்க மனசில்லையோ. ஒதெத் தினமும் தெருவைத் தாண்டிச் சூப் கொண்டுபோனாள். லெயோனி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் நான் அவள் தலையைச் சீவிவிடப் போயிருந்தேன். ஒதெத் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லித் தொலை."

"அன்னிக்கி அவன் என் வீட்ல ஒழுங்காவே சாப்பிடல. முயல் கறியைக் கிண்டிக்கிட்டு உக்காந்திருந்தான். கலெத்தைத் தொடவே இல்ல. உன் வீட்டுக்கு வரணும்னு வயித்துல எடம் விட்டு வெச்சிருக்கான்."

லெயோனி மெதுவாகத் திரும்பினாள்.

"நாலு துண்டுன்னியே?"

"வீம்புக்குச் சொன்னேன். அந்த நாலையும் நானும் அஷிலும்தான் தின்னோம்."

"ஒரு துண்டுகூடத் தொடல?"

"ஒரு துண்டுகூட."

லெயோனி சுவரில் இருந்த கையுறைப் படத்தைப் பார்த்தாள். அப்புறம் ஒதெத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் லெயோனியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"அப்ப கிளப்பைக் கவுத்தது நான்தான்."

"நீயேதான்க்கா. நீ மட்டும்தான்."

"எனக்கு அப்பவே தெரியும்டி" என்றாள் லெயோனி. "சரி, கொண்டா அந்தச் சூப்பை. உப்பாவது போட்டியா?"

கிண்ணம் முழுக்கக் குடித்தாள். மூன்றாம் வாரம் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த வியாழக்கிழமை ஒதெத் தனியாகக் கடைக்கு வந்தாள். பக்கத்து நாற்காலி காலி. துணியைப் போர்த்தி, முடியை நனைத்து, சீப்பைக் கையில் எடுத்த பிறகுதான் கேட்டேன்.

"ஏன் ஒதெத், நெசமாவே அவன் அன்னிக்கி கலெத்தைத் தொடலியா?"

கண்ணாடியில் என்னை முறைத்தாள்.

"தொடலியா? நாலு துண்டு, எர்மின்! தின்னுட்டு, விரல்ல ஒட்டியிருந்த சர்க்கரையைக்கூட விடல" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.